முப்பதாம் கல்

என் நாத்தனாரிடம் ஒரு வேலையை ஒப்படைப்பதும் வீட்டைப் பூட்டாமல் வெளியூர் போவதும் ஒன்றுதான். இதை அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய் நீளம், அது ஊரறிந்த விஷயம். இருந்தும் மகளின் பிரசவத்துக்காக நாலு மாதம் லீவு போட்டபோது, என் இடத்தில் தற்காலிகமாக அவளைத்தான் வைத்துவிட்டுப் போனேன். வேறு யார் இருக்கிறார்கள்?

நான் வேலை பார்ப்பது வான் ஆய்வுக்கூடத்தில். பெரிய படிப்பு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் மதில் சூழ்ந்த ஒரு முற்றம் இருக்கிறது. நடுவில் வட்ட மேடை, அதுதான் சூரியன். அதைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக எட்டு கல் பாதைகள், ஒவ்வொரு கல்லிலும் ஒரு குழி. பாதைக்கு ஒரு இரும்புக் குண்டு, அதுதான் கிரகம். தினமும் காலையில் நீளமான தள்ளுகோலால் குண்டை அடுத்த குழிக்குத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். புதன் பாதையில் எண்பத்தெட்டு கல், நாளுக்கு ஒன்று. வெள்ளிக்கும் பூமிக்கும் அப்படியே நாளுக்கு ஒன்று, ஆனால் சுற்று பெரியது. செவ்வாய்க்கு இரண்டு நாளைக்கு ஒரு கல். வெளியே இருக்கும் நாலும் சோம்பேறிகள், நெப்டியூனை எல்லாம் எப்போது தள்ளினோம் என்பதே மறந்துபோகும். வருகிறவர்கள் முற்றத்தைப் பார்த்தால் வானத்தில் இன்று எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டே விதிகள். குண்டைத் தூக்கி வைக்கக் கூடாது, தள்ளித்தான் போக வேண்டும், ஒரு குழியையும் விடாமல். இன்னொன்று, பின்னோக்கித் தள்ளவே கூடாது.

இந்த விதிகளை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் கணவர். அவர்தான் முதலில் இந்த வேலையில் இருந்தார், எல்லோரும் தள்ளுகாரர் என்றே கூப்பிடுவார்கள். அந்த லீவு முடிவதற்குப் பத்து மாதம் முன்பு ஒரு காலை, புதனை முப்பதாம் கல்லிலிருந்து முப்பத்தொன்றுக்குத் தள்ளிவிட்டு, கோலை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போகச் சொன்னால் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அதற்காகத்தான் சண்டை. "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவரிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான். காலையில் நான் எழுவதற்குள் வேலைக்குப் போய்விட்டார்.

மகள் அப்போது இரண்டு மாதக் கர்ப்பம். எனக்கு மட்டும் தெரியும். அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை வந்து நானே சொல்கிறேன், நீ வாயை மூடிக்கொண்டு இரு என்று எனக்குச் சத்தியம் வாங்கியிருந்தாள். ஞாயிறு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாத்தா ஆகப்போவது தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர் ஆய்வுக்கூடத்தின் பெரியவர். எந்நேரமும் வானத்தையே பார்த்துக்கொண்டு நடப்பதால் அவருக்கு அண்ணாந்து சார் என்று பெயர், வைத்தது என் கணவர். முதல் நாளே சார் எனக்குப் பாடம் எடுத்தார்.

"பூமி சுத்துற தளத்தை ஒரு தட்டுன்னு வெச்சுக்கோங்கம்மா. மத்த கிரகமெல்லாம் கிட்டத்தட்ட அந்தத் தட்டுலதான் சுத்துது. ஆனா கொஞ்சம் கொஞ்சம் சாய்வு. அதுல புதன்தான் ரொம்ப மோசம், ஏழு டிகிரி. பாதி சுத்து தட்டுக்கு மேல போகும், பாதி சுத்து கீழ போகும்."

"நம்ம முற்றம் தட்டையால்ல இருக்கு சார்?"

"தரையைச் சாய்க்க முடியுமா? அதனால எல்லாத்தையும் ஒரே மட்டத்துல போட்டுட்டோம். தட்டைத் தாண்டுற ரெண்டு இடத்துல மட்டும் செம்பு ஆணி அடிச்சிருக்கு பாருங்க. ஒன்பதாவது கல், ஐம்பத்தோராவது கல். அந்த ரெண்டு கல்லுலதான் நம்ம புதன் உண்மையா இருக்கு. மத்த நாளெல்லாம் சின்னப் பொய்."

சின்னப் பொய்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பேத்தி பிறந்து தொண்ணூறாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். கூரை வேலை நடப்பதால் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மாதமாகப் பார்வையாளர்கள் இல்லை, வேலையாட்களுக்கும் அன்று விடுமுறை. கிளம்பும்போது நாத்தனார் குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

"இவளை எதுக்குடி தூக்கற?"

"அண்ணன் வேலை பார்த்த இடத்தைப் பாப்பா பார்க்க வேண்டாமா? பிள்ளை பெத்தவ நல்லா தூங்கறா, எழுப்பாதீங்க. ஒரு மணி நேரத்துல வந்துடலாம் அண்ணி."

அவள் கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரி தலையை வாரியிருந்தாள். கேட்டால் அதற்கும் ஒரு கதை சொல்வாள் என்று கேட்கவில்லை.

நுழைவாயில் அறையில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் குழந்தையோடு முற்றத்துக்குள் போய்விட்டாள். நான் மதிய டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு பின்னால் போனேன். மதில் கதவைத் தாண்டியதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. தரையில் ஒரு மரத்தின் நிழல் விழுந்திருந்தது. கூரை வேலைக்கு இடைஞ்சல் என்று நான் லீவில் போவதற்கு முன்பே வெட்டிய மரம். வெட்டிய அடிக்கட்டை அங்கேயே இருந்தது. அதைச் சுற்றி இலை நிழல் மட்டும் அசைந்தது.

கண் தானாகக் குண்டுகளைத் தேடியது. வேலைக்காரி புத்தி, வேறென்ன சொல்ல. புதன் அறுபத்தேழாம் கல்லில் இருக்க வேண்டும், முப்பதில் இருந்தது. வெள்ளி, பூமி, செவ்வாய் எதுவுமே அதனதன் இடத்தில் இல்லை. ஐயோ, இவளை நம்பி விட்டேனே என்று வாயைத் திறக்கப் போனேன்.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன்.

முப்பதாம் கல்லுக்குப் பக்கத்தில் தள்ளுகோலைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நீலச் சட்டை. இரண்டாவது பொத்தான் வெள்ளை நூலில் தைத்தது, நான்தான் தைத்தேன், நீல நூல் தீர்ந்துவிட்டது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "வந்துட்டியா? சாப்பாடு எங்க? பசி உயிர் போகுது" என்றார்.

அவர் காலைப் பார்த்தேன். செருப்புக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. நிழல் தரையில் தனியாகக் கிடந்தது. கால் தரையில் பாவாதவர்களைப் பற்றி நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கேட்கும்போது வந்த பயம் வேறு, கட்டின புருஷனையே அப்படிப் பார்க்கும்போது வந்தது வேறு. பயமாகவும் இருந்தது, ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"இருபத்திரண்டு நாளா இருக்காரு அண்ணி." நாத்தனார் குழந்தையை அணைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். "குண்டை எல்லாம் பின்னால தள்ளினேன். இன்னிக்குக் கணக்குக்கு முன்னூத்தியொரு கல் பின்னால நிக்குது. வெளிய இருக்கற நாலும் என்னால அசைக்க முடியல, விட்டுட்டேன். உள்ள இருக்கற நாலுமே போதும்னு தெரிஞ்சுது. அவர் போறதுக்கு முந்தின நாள்ல கொண்டு வந்து வெச்சதும் அண்ணன் நின்னாரு. அந்தக் கல்லுலயே வெச்சிருக்கேன், நகர்த்தவே இல்ல. தினமும் உங்களையும் சாப்பாட்டையும்தான் கேட்கறாரு. நான் குடுத்தா வாய்க்குப் போகல, கீழ விழுது."

"அடிப்பாவி" என்றேன்.

"என்னத்தை இருபத்திரண்டு நாள்? காலைலதான வந்தேன்" என்றார் அவர். "இவ உளறுவா, உனக்குத் தெரியாதா? சரி, கையில யார் குழந்தை அது?"

"காட்டத்தான் தூக்கிட்டு வந்தேன் அண்ணா" என்று நாத்தனார் துணியை விலக்கினாள்.

விலக்கின கை அப்படியே நின்றது. துணி குழந்தையின் வடிவத்தில் ஒரு கணம் நின்றது, தலை, வயிறு, மடக்கின கால். பிறகு மெல்ல அமுங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை.

பாய்ந்துபோய் அவள் கையிலிருந்து பிடுங்கினேன். கதகதப்பு இருந்தது. பால் வாசனை இருந்தது. குழந்தை இல்லை. வெளியே போனால் சரியாகிவிடும் என்று கதவைத் தாண்டி ஓடினேன். கதவுக்கு வெளியே என் கையில் இருந்தது வெறும் துணி, அந்தக் கதகதப்பும் இல்லை. திரும்ப உள்ளே வந்தேன். கதகதப்பு திரும்பியது. குழந்தை உள்ளேதான் எங்கோ இருந்தாள், இன்னும் பிறக்காதவளாக.

எனக்கு அதிகம் படிப்பில்லை. ஆனால் நாள் எண்ணத் தெரியும். இந்த மதிலுக்குள் இன்று நடப்பது அவர் போவதற்கு முந்தின நாள். அன்றைக்கு என் மகள் இரண்டு மாதம். அன்றைக்கு இந்த உலகத்தில் என் பேத்தி என்று ஒருத்தி கிடையாது.

"தள்ளணும்" என்றேன். "எல்லாத்தையும் முன்னால தள்ளணும். இப்பவே."

"அண்ணன்..." என்றாள் நாத்தனார்.

"வாயை மூடு. கொன்னுடுவேன்."

துணியை நடு மேடையில் வைத்தேன். அதற்குள் அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கூட இருந்தவர், நான் மறைக்கிறேன் என்பது அவருக்கு உடனே தெரியும்.

"என்ன விஷயம், சொல்லு."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. நாளைக்குக் காலையில் நீங்கள் இல்லை என்றேன். மகளுக்கு ஒரு பெண் பிறந்திருக்கிறாள் என்றேன், இதோ இந்தத் துணியில் இருந்தாள் என்றேன். அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெஞ்சை ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டார்.

"அப்ப டாக்டர்கிட்ட போயிருக்கணும்."

"அதைத்தான் கத்திக்கிட்டே இருந்தேன்."

"சரி, ஆரம்பி. எண்ணிக்கையை நான் பார்த்துக்கறேன். பதட்டத்துல நீ தப்பா எண்ணுவ." தள்ளுகோலை நீட்டினார். நான் பிடித்ததும் அது சாதாரணக் கோலாக, கனமாக என் கைக்கு வந்தது.

நாத்தனார் தன் கோலை எடுத்துக்கொண்டு வெள்ளியைத் தள்ளப் போனாள். நான் புதனைத் தள்ளினேன். ஒன்று என்றார் அவர். இரண்டு என்றார். எதுவும் மாறவில்லை, அவர் கூடவே நடந்து வந்தார். ஒரு குண்டு மட்டும் நகர்ந்தால் போதாது போலிருக்கிறது, நாலும் நகர வேண்டும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. குழந்தை அங்கே துணியாகக் கிடக்கிறாள்.

தள்ளத் தள்ள அவர் இறங்கிக்கொண்டே வந்தார். நாலு விரல் மூன்றானது, இரண்டானது. ஐம்பத்தோராம் கல்லில், செம்பு ஆணிக்குப் பக்கத்தில், செருப்பு சரளையில் நறுக்கென்று பதிந்தது. இருவருமே அந்தச் சத்தத்தைக் கேட்டோம். நிழல் காலோடு சேர்ந்துகொண்டது. சாரின் பாடம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் முற்றம் தட்டை. இவர் வந்தது இந்த முற்றத்தின் வழியாக. இந்த முற்றம் பொய் சொல்லாத கல்லில்தான் இவருக்குக் கால் தரையில் நிற்கும்.

பையிலிருந்து டப்பாவை எடுத்து ஒரு வாய் ஊட்டினேன். மென்றார். விழுங்கினார்.

"உப்பு கம்மி" என்றார்.

"அண்ணி, தள்ளுங்க!" என்று கத்தினாள் நாத்தனார்.

தள்ளினேன். அடுத்த கல்லில் அவர் செருப்பின் அடி சரளைக்குள் போயிருந்தது. அதற்கடுத்து பாதம். பாதி சுற்றில் கணுக்கால்வரை தரைக்குள் இருந்தபடி, தண்ணீரில் நடப்பவர் போல் என் பக்கத்தில் வந்தார். எண்ணுவதை நிறுத்தவில்லை. மறுபடி ஏறினார். ஒன்பதாம் கல்லில் கால் பதிந்தது, இன்னொரு வாய் கொடுத்தேன்.

ஒவ்வொரு கல்லும் அவர் பார்க்காத ஒரு நாள். மூச்சு வாங்க வாங்க அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன். இது மோட்டார் எரிந்துபோன நாள்.

"யார் சரி பண்ணினா?"

"நான்தான்."

"நீயா? அப்ப அது மறுபடி எரியும்."

"எரிஞ்சுது. நூத்திப் பத்தாவது கல்லுல வரும், இருங்க."

சிரித்தார். இது மகள் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்த வாரம். இது உங்கள் தம்பி வந்து சைக்கிளைக் கேட்ட நாள், கொடுக்கவில்லை. இது எனக்குக் காய்ச்சல். இது ஒன்றும் நடக்காத நாள், சும்மா உங்களை நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவும் அப்படியே. இதுவும்.

மூன்றாவது சுற்றில்தான் அதைச் சொன்னேன்.

"எக்கேடோ கெட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்."

"யாரை?"

"உங்களைத்தான். அதுதான் கடைசியா சொன்னது."

"எப்ப சொன்ன?"

"இன்னிக்குச் சாயங்காலம். உங்களுக்கு."

"எனக்கு இன்னும் சாயங்காலமே ஆகலையே. நீ இன்னும் சொல்லல."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப விடு. இருநூத்தி நாற்பத்தி நாலு" என்றார்.

முன்னூற்றியொன்றில் புதன் அறுபத்தேழாம் கல்லில் உட்கார்ந்தது. ஏழு முறை கால் பதித்தார், ஏழு வாய் சாப்பிட்டார், டப்பா காலி. நாத்தனார் வெள்ளியை முடித்துவிட்டுச் செவ்வாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து ரத்தம் வந்திருந்தது. செவ்வாயும் வந்து சேர்ந்தது. பூமி மட்டும் மீதி.

மேடைக்குப் போய்த் துணியைத் தொட்டேன். கதகதப்பு குறைந்திருந்தது. குழந்தை இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று யாரைக் கேட்பது?

பூமியின் குண்டுக்குப் பின்னால் கோலை வைத்தேன். அவர் கணுக்கால்வரை சரளைக்குள் புதைந்து நின்றார். நாத்தனார் மதிலோரம் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவளால் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியவள் நான்.

"பேர் என்ன வெச்சிருக்கீங்க?"

"இன்னும் வைக்கல. உங்க பொண்ணு ஒண்ணுலயும் முடிவுக்கு வர மாட்டேங்கறா. பொடிசுன்னு கூப்பிடறோம்."

"யார் மாதிரி இருக்கா?"

"உங்க மூக்கு. பாவம், பொண்ணுக்கு அந்த மூக்கு."

அவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் கோலைப் பிடித்தபடியே நின்றேன். கை கேட்கவில்லை. தள்ளு தள்ளு என்று மனசு அடித்துக்கொள்கிறது, கை கல்லாகிவிட்டது. ஒரு கல் தள்ளினால் நானே அவரைக் கொன்ற மாதிரி. தள்ளாவிட்டால் அவளை.

"ஏய், என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கற? தள்ளு" என்றார். வேலை சொல்லிக்கொடுத்தபோது எப்படி அதட்டுவாரோ அதே அதட்டல்.

தள்ளினேன். குண்டு அடுத்த குழியில் டொக்கென்று உட்கார்ந்தது. நிமிர்ந்தபோது சரளையில் இரண்டு பள்ளங்கள் இருந்தன, கணுக்கால் ஆழத்துக்கு. மரத்தின் நிழலும் போயிருந்தது.

அழ நேரமில்லை. ஒன்று என்று நானே எண்ணினேன். இரண்டு. மூன்று. அவர் இழுத்துச் சொல்வது போலவே எனக்கும் வந்தது. பூமி கனம். ஐம்பதில் தோள் விட்டுப்போனது. நூறில் நாத்தனார் எழுந்து வந்து கோலின் மறுமுனையைப் பிடித்தாள். நூற்றி எண்பதில் மேடையைப் பார்த்தேன், துணி தட்டையாகவே இருந்தது. இருநூற்றிப் பத்து. அன்றைக்கு ராத்திரிதான் மகளுக்கு வலி எடுத்தது.

இருநூற்றிப் பதினொன்று.

வீல் என்று ஒரு சத்தம். பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே நின்று நான் கேட்ட அதே சத்தம். நாத்தனார் கோலை விட்டுவிட்டு ஓடப் பார்த்தாள். "விடாதடி, இன்னும் தொண்ணூறு இருக்கு" என்று இழுத்துப் பிடித்தேன். அழுகையைக் கேட்டுக்கொண்டே தொண்ணூறு கல் தள்ளினோம். தள்ளத் தள்ள அழுகை மாறியது, தடித்தது, கோபம் வந்தது. முன்னூற்றியொன்றில் மேடைக்குப் போனபோது மூன்று மாதக் குழந்தை கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு எங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளை எடுத்து அவள் மூக்கின் மேல் என் மூக்கை வைத்துக்கொண்டு நான் அழுதேன், வெட்கமில்லாமல், சத்தம் போட்டு.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று படுக்க வைத்தபோது பாய் குழிந்தது. மூன்று மாதக் குழந்தைக்கு இவ்வளவு குழியக் கூடாது. மகள், "அம்மா, பொடிசு வெயிட் போட்டுட்டா" என்று சந்தோஷப்பட்டாள். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் எல்லாம் சரியாக இருந்தது. அன்று புதன் ஒன்பதாம் கல்லில் இருந்தது, செம்பு ஆணி. அதற்கடுத்த வாரம், குளிப்பாட்டித் துவட்டிப் பாயில் விட்டேன். மல்லாந்து கிடந்து சிரித்தாள். அவள் குதிகாலுக்கும் பாய்க்கும் நடுவில் சாயங்கால வெளிச்சம் தெரிந்தது. ஒரு தாளை மடித்து நுழைத்துப் பார்த்தேன். முதுகுக்குக் கீழேயும் தாராளமாகப் போய் மறுபக்கம் வந்தது. அவரைப் போலவே இவளும் அந்தத் தட்டை முற்றத்தின் வழியாகத்தான் திரும்பி வந்திருந்தாள்.

மகளுக்குத் தெரியாமல் குழந்தையை எப்போதும் மடியிலேயே வைத்துக்கொண்டேன். நானே அமுக்கிப் பிடித்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம். உட்காரும் வயது வரும், நிற்கும் வயது வரும். நிற்கும்போது எல்லோரும் கீழேதானே பார்ப்பார்கள்.

அண்ணாந்து சாரிடம் போனேன். "சார், புதன் பாதையைச் சாய்ச்சா என்ன?"

அவர் முதல்முறையாகக் கீழே குனிந்து என்னைப் பார்த்தார். "முடியுமாம்மா?"

"நீங்க கணக்கு மட்டும் குடுங்க."

நானும் நாத்தனாரும் ஏழு வாரம் வேலை செய்தோம். மட்டம் பார்க்க நூல் கட்டி, ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து, ஒரு பக்கம் மண் கொட்டி முழங்கால் உயரத்துக்கு ஏற்றினோம். எதிர்ப்பக்கம் அதே அளவு தோண்டி இறக்கினோம். ஆணி அடித்த இரண்டு கல்லை மட்டும் தொடவில்லை. மற்ற பாதைகளுக்கும் ஆளுக்கு ஒன்று முதல் மூன்று டிகிரிவரை சாய்வு உண்டாம், அதையும் கொடுத்தோம். பூமியை மட்டும் அப்படியே விட்டோம், அதுதான் தட்டு. கடைசிக் கல்லைப் பதித்த அன்று சார் சுற்றிச் சுற்றி வந்து, இப்போதுதான் இது உண்மையான முற்றம் என்று எங்கள் இருவருக்கும் கைகொடுத்தார்.

வீட்டுக்கு ஓடினேன். பொடிசைத் தூக்கி, அக்குளில் பிடித்துத் தரையில் நிறுத்தினேன். அன்று செம்பு ஆணி நாள் இல்லை, இரண்டு மூன்று முறை கணக்குப் பார்த்திருந்தேன். சின்னக் குதிகால் இரண்டும் தரையில் பதிந்தன. தாள் நுழையவில்லை. நகம்கூட நுழையவில்லை. தரை சில்லென்று இருந்திருக்க வேண்டும், விரலைச் சுருக்கிக்கொண்டாள்.

நாத்தனார் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் காய்ப்பு இன்னும் மறையவில்லை. பிறகு, மகள் காதில் விழாதபடி, மெல்லக் கேட்டாள்.

"அண்ணி, இப்ப வந்தா அண்ணனுக்கும் எல்லா நாளும் கால் தரையில நிக்கும், இல்ல? சாப்பாடும் இறங்கும்."

அவளை அடிக்கக் கை ஓங்கவில்லை. திட்டவும் வாய் வரவில்லை. ஏனென்றால் முதல் கல்லைப் பெயர்த்த அன்றே எனக்கும் அது தோன்றிவிட்டது. ஏழு வாரமும் அதை நினைத்துக்கொண்டேதான் மண் சுமந்தேன்.

முற்றத்துச் சாவியை அவளிடம் இப்போது கொடுப்பதில்லை. காலையில் நானே தனியாகப் போகிறேன். புதன் முப்பதாம் கல்லுக்கு வரும் நாளில் மட்டும் கையில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்கிறேன். கோலைக் குண்டுக்குப் பின்னால் வைக்கிறேன். முன்பக்கம் வைத்துப் பின்னால் தள்ளுவதற்கு இரண்டு தப்படி நடந்தால் போதும், அது எனக்குத் தெரியும், கோலுக்கும் தெரியும். நிற்கிறேன். அப்புறம், "என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கற, தள்ளு" என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஒரு கல் தள்ளுகிறேன்.